போட்டிக்கு மரச்சாமான் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (புதுச்சேரி, கடலூர் பட்டறைக்காரர்களுக்கு)

புதுச்சேரியிலும் கடலூரிலும் அசல் கைவேலைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்த நாற்காலியும் அலமாரியும் சென்னை, பெங்களூரு ஷோரூம்களில் கடைக்காரர் பெயரில் நிற்கின்றன. செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. போட்டிக்குப் பொருள் அனுப்பச் சொல்லி நான் பலரை வற்புறுத்துவது இதனால்தான். அப்படிச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

போட்டி என்றால் எங்கே நடக்கிறது? எனக்கு எது பொருந்தும்?

நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது அரசின் கைவினை விருதுகள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் 1965 முதல் தேசிய விருது கொடுத்து வருகிறது. 2002 முதல் மூத்த கலைஞர்களுக்கு 'சில்ப் குரு' விருதும் உண்டு. தமிழ்நாட்டில் அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகார் நிறுவனம் வழியாக மாநில விருதும், மூத்தவர்களுக்கு 'வாழும் கைவினைப் பொக்கிஷம்' விருதும் வழங்கப்படுகின்றன. இவற்றில் செதுக்கு வேலை, பதிப்பு வேலை (மரத்தில் வேறு பொருளைப் பதிப்பது), கடைசல் என்று கைவினை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நன்றாகச் செய்த சாதாரண மேஜை இந்த வரிசையில் எடுபடுவது கஷ்டம்.

இரண்டாவது, இளைஞர்களுக்கான திறன் போட்டி. இந்தியா ஸ்கில்ஸ் போட்டியில் கேபினெட் மேக்கிங், ஜாயினரி, கார்பென்ட்ரி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அதில் வென்றவர்கள் வேர்ல்ட் ஸ்கில்ஸ் என்ற உலகப் போட்டி வரை போகலாம். 2024-ல் அது பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. இதில் வீட்டிலிருந்து பொருள் கொண்டுபோக முடியாது. அவர்கள் கொடுக்கும் வரைபடத்தைப் பார்த்து அங்கேயே செய்ய வேண்டும்.

மூன்றாவது, மரத்தொழில் கண்காட்சிகளிலும் டிசைன் கல்லூரிகளிலும் நடக்கும் போட்டிகள். நான்காவது, படம் மட்டும் கேட்கும் இணையப் போட்டிகள். முதன்முறை கலந்துகொள்பவர் நான்காவதில் தொடங்கலாம், செலவு குறைவு. ஆனால் மனத்தில் மூன்றாவதை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பொருளைத் தொட்டு, திருப்பி, உட்கார்ந்து பார்க்கும் நடுவரிடம் கிடைக்கும் மதிப்பு வேறு.

நான் கடலூர், என் மச்சான் பாகூர். இருவரும் ஒரே போட்டிக்குப் போகலாமா?

தேசிய அளவில் போகலாம். மாநில விருதில் முடியாது. கடலூர் தமிழ்நாடு, பாகூர் புதுச்சேரி யூனியன் பிரதேசம். இருப்பிடச் சான்று எந்த ஊருக்கோ அந்த அரசிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கருவி வாங்கப் பணம் தேவை என்றால் அங்கும் இதே கணக்குதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தச்சரும் உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாயும், குறைந்த வட்டியில் கடனும் தருகிறார்கள். தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். ஆகவே உங்கள் மச்சானுக்கு ஒரு வழி, உங்களுக்கு இன்னொரு வழி. கைவினை விருதை நினைப்பவர்கள் கைவினைஞர் அடையாள அட்டையை, அதாவது 'பெஹ்சான்' அட்டையை, முதலில் வாங்கி வைத்துவிடுங்கள்.

என்ன பொருள் செய்வது? பெரிதாக ஏதாவது செய்தால்தானே கவனிப்பார்கள்?

இந்த நினைப்பில் கெட்டுப்போன நல்ல வேலைகள் ஏராளம். ஏழடி அலமாரி, மயில் செதுக்கிய ஊஞ்சல், ராஜா காலத்துக் கட்டில் என்று ஆரம்பிப்பார்கள். கடைசி வாரத்தில் பாலிஷ் காயாமல் லாரியில் ஏற்றுவார்கள். பெரிய பொருளில் நூறு மூட்டு இருந்தால், சரியாக உட்காராத மூட்டுக்கும் நூறு வாய்ப்பு இருக்கிறது.

சின்னப் பொருளாக எடுங்கள். ஒரு முக்காலி, பிரம்பு பின்னிய ஒற்றை நாற்காலி, இரண்டு இழுப்பறை வைத்த எழுத்து மேஜை, அம்மா கீழே உட்கார்ந்து காய் நறுக்க ஒரு மணை, பாட்டிக்கு வெற்றிலைப் பெட்டி, இவையெல்லாம் போட்டிக்கு உகந்தவை. நாற்காலி எல்லாவற்றிலும் கடினம். அதில் செங்கோணம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. பின்கால் சாய்வு, இருக்கையின் சாய்வு, முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல் என்று ஒவ்வொரு மூட்டும் ஒரு கோணத்தில் வரும். நல்ல நாற்காலி ஒன்றைச் செய்து காட்டிவிட்டால் உங்கள் கையைப் பற்றி வேறு எதுவும் சொல்லவே வேண்டாம்.

அளவில் விளையாடாதீர்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கு இருக்கை உயரம் 17 அங்குலம் சரியாக வரும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அரை அங்குலம் குறைத்தாலும் நல்லது. முன்னிருந்து பின்னுக்கு இருக்கை அரை அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்கட்டும். நடுவர் நிச்சயம் உட்கார்ந்து பார்ப்பார். தொடையின் அடியில் விளிம்பு அழுத்தினால் எவ்வளவு செதுக்கு வேலை இருந்தும் மதிப்பெண் போய்விடும்.

எந்த மரம் எடுப்பது? தேக்கு இல்லாமல் பரிசு கிடைக்குமா?

கிடைக்கும். இன்னும் சொல்லப்போனால் தேக்கை எல்லோரும் கொண்டுவருவார்கள். நம் பக்கத்து மரங்களைக் கொண்டுபோனால் நடுவர் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று பார்ப்பார்.

பலா: பண்ருட்டிப் பக்கம் பழத்துக்குப் பேர்போன மரம், வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் மரம். அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்படத் தேன் நிறமாகி, நாளாக நாளாகச் செம்பழுப்புக்கு வரும். அதனால் ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் அறுத்த பலகைகளையே எடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்போது விழுந்த மரத்தில் யாராவது ஒரு பலகையைப் பத்திரமாக வைத்திருந்தால், அதில் செய்யும் பொருளோடு அந்த விவரத்தையும் எழுதி அனுப்புங்கள். அது உண்மையான கதை, அந்தப் பொருளுக்கே உரியது.

பூவரசு: கடற்கரை ஊர்களில் வேலியோரம் நிற்கும் மரம். வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) கருஞ்சாக்லேட் நிறத்தில் இருக்கும், இழைத்தால் மினுங்கும். பெரிய பலகை கிடைக்காது, சின்னப் பொருளுக்கு அருமை.

வாகை: வைரத்தில் பழுப்பும் கருங்கோடும் கலந்து ஓடும். இழைக்கும்போது தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வேம்பு பூச்சிக்கு அஞ்ச வேண்டாத மரம். ஆனால் நார் முறுக்கிக்கொண்டு ஓடும், இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் பிய்க்கும். கூர்மையான இரும்பும் பொறுமையும் வேண்டும். வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும், ஆகவே பக்கத்தில் வெளிர் மரம் வைக்காதீர்கள். மாமரம் மலிவு, ரேகையும் அழகுதான். ஆனால் வண்டு துளைக்கும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்திய பலகை என்றால் மட்டும் தொடுங்கள். கண்காட்சிக் கூடத்தில் பொருளுக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடப்பதைவிட அவமானம் வேறில்லை.

ஈட்டி மரம் (ரோஸ்வுட்) வீட்டில் பழசு இருக்கிறது. அதில் செய்யலாமா?

உள்ளூர்ப் போட்டி என்றால், பழைய சாமானிலிருந்து எடுத்த மரம் என்று எழுதி, முடிந்தால் பிரிக்கும் முன் எடுத்த படத்தையும் வைத்துச் செய்யலாம். வெளிநாட்டுப் போட்டி என்றால் வேண்டாம். ஈட்டியும் அதன் இனத்து மரங்களும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உரிய தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் பொருள் சுங்கத்திலேயே நின்றுவிடும். எந்த மரமானாலும் மரவாடியில் வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

பொருள் இங்கே கச்சிதமாக இருந்தது. டெல்லிக்குப் போனதும் பலகை வெடித்துவிட்டது. ஏன்?

கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பதில் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரம் காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் அதிகம். இங்கே பட்டறையில் கிடக்கும் நன்கு காய்ந்த பலகையிலும் 14 சதவீத அளவுக்கு ஈரம் இருக்கும். அதே பலகை வடநாட்டுக் கோடையிலோ, ஏசி ஓடும் கண்காட்சிக் கூடத்திலோ நின்றால் 10 சதவீதத்துக்கு இறங்கலாம். இறங்கும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது.

எவ்வளவு சுருங்கும்? தேக்கை எடுத்துக்கொள்வோம். பட்டையாக (வளையத்தை ஒட்டி) அறுத்த 18 அங்குல அகலப் பலகை 4 சதவீத ஈரம் இழந்தால் சுமார் 3 மி.மீ., அதாவது ஒரு நூல், குறையும். தேக்கு அடக்கமான மரம், அதற்கே இந்தக் கணக்கு. வேறு மரங்கள் இன்னும் கூடுதலாக அசையும். நீங்கள் அந்தப் பலகையை நாலு பக்கமும் பெவிக்கால் போட்டு, ஸ்குரூ வைத்து இறுக்கியிருந்தால் அந்த ஒரு நூல் எங்கே போகும்? பலகையைப் பிளந்துகொண்டுதான் போகும்.

ஆகவே சட்டத்துக்குள் வைக்கும் பலகையைக் காடியில் (சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளத்தில்) பசை இல்லாமல் சும்மா உட்கார விடுங்கள். மேஜையின் மேல்பலகையை அடிச்சட்டத்தோடு பூட்ட, மரக்கட்டைப் பிடிப்பு வையுங்கள், அல்லது நீள்துளையில் ஸ்குரூ போடுங்கள். இழுப்பறை முகப்புக்கு மேலே அரை நூல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது அந்த இடைவெளி காப்பாற்றும். ஆரப் போக்கில் (மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையில்) அறுத்த பலகை, வளையத்தை ஒட்டி அறுத்ததைவிட ஏறக்குறைய பாதிதான் அசையும். போட்டிப் பொருளுக்கு அதைத் தேடி வாங்குவது வீண் செலவு அல்ல.

ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பலகையை வாங்கிய கையோடு வேலையைத் தொடங்காமல், இடையில் குச்சி வைத்து அடுக்கி, மீட்டர் காட்டும் எண் இறங்குவது நின்ற பிறகு உளியைத் தொடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் இந்தக் காத்திருப்பு நீளும். அதனால் ஜனவரியில் முடிய வேண்டிய பொருளுக்குக் கோடையிலேயே மரம் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்குரூ போட்டால் மதிப்பெண் குறையுமா?

பூட்டு, கீல், மேல்பலகைப் பிடிப்பு ஆகியவற்றுக்கு ஸ்குரூ போடுவதில் குற்றமில்லை. பித்தளை ஸ்குரூ போடுங்கள், இரும்பு ஈரத்தோடு சேர்ந்து மரத்தில் கருப்புக் கறை விடும். ஆனால் காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஸ்குரூவின் தலையை மக்கு (மரப் புட்டி) வைத்து மூடியிருந்தால் குறைப்பார்கள், குறைக்கவும் வேண்டும்.

அந்த இடத்தில் துளையும் கழுந்தும்தான் (சட்டத்தின் முனையைச் சீவி எடுத்த நாக்குதான் கழுந்து, அது துளைக்குள் போய்ப் பொருந்தும்). கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால் அரை அங்குலம். கழுந்து துளைக்குள் கைவிசையில் போக வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் துளை வெடிக்கும். தானாக விழுகிறது என்றால் பசை மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. இழைத்த அன்றைக்கே, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

நடுவர் முதலில் எதைப் பார்ப்பார்?

திருப்பிப் பார்ப்பார். வாங்க வருபவர் முன்பக்கம் பார்ப்பார், நடுவர் அடிப்பக்கம் பார்ப்பார்.

இழுப்பறை இருந்தால் அதை முழுசாக வெளியே எடுத்து, பின்பலகையின் மூட்டைப் பார்ப்பார். முன்பக்கம் டவ்டெயில் (புறா வால்போல விரிந்து கோத்துக்கொள்ளும் மூட்டு), பின்பக்கம் ஆணி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு இழுப்பறையைத் திரும்ப வைத்து, நடுவில் தள்ளாமல், ஒரு ஓரத்தில் ஒற்றை விரலால் தள்ளுவார். கோணாமல், திக்காமல் உள்ளே போக வேண்டும். நன்றாக அமைந்த மேஜையில் ஒரு இழுப்பறையை மூடும்போது உள்ளே அடைபட்ட காற்று பக்கத்து இழுப்பறையைக் கொஞ்சம் வெளியே தள்ளும். அதைப் பார்த்ததும் நடுவர்கள் முகத்தில் சிரிப்பு வரும்.

அப்புறம் கையால் தடவுவார். அடிவிளிம்பு, நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழ்ப்பக்கம், மேஜையின் உள்ஓரம் என்று விரல் போகும் இடத்திலெல்லாம் கூர்முனை இருக்கக் கூடாது. பசை வழிந்து காய்ந்த இடம் பாலிஷ் பிடிக்காமல் வெளிறித் தெரியும். உள்மூலையில் பார்ப்பார்.

இதை நீங்களே முன்கூட்டிப் பார்க்கலாம். இரவில் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து மெதுவாக நகர்த்துங்கள். பகலில் கண்ணாடிபோலத் தெரிந்த பலகையில் இழைப்புளி விட்ட அலைகள், குறுக்கே போன உப்புத்தாள் கீறல்கள், நாரைப் பிய்த்த பள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். கண்காட்சிக் கூடத்தின் ஸ்பாட் லைட்டும் இதைத்தான் செய்யும். பாலிஷ் போடும் முன் பார்த்துவிட்டால் சரிசெய்யலாம், போட்ட பிறகு பார்த்தால் எல்லாம் சுரண்ட வேண்டும்.

மெஷின் உபயோகித்தால் 'கையால் செய்தது' ஆகாதா?

போட்டி விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பலகை அறுக்க, கனம் எடுக்க மெஷின் பயன்படுத்துவதைப் பல போட்டிகள் தடுப்பதில்லை. சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில்) செதுக்கிய பூவேலையைக் கைச்செதுக்கு என்று எழுதுவதுதான் தவறு. சிஎன்சி விட்ட தடம் ஒரே ஆழத்தில், ஒரே வளைவில் ஓடும். உளி பிடித்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். எது கை, எது மெஷின் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எந்த பாலிஷ் நல்லது?

பொருளைப் பொறுத்தது. அரக்கும் சந்திரஸ் பிசினும் ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் தேய்த்து ஏற்றும் பழைய பாலிஷுக்கு உள்ள ஆழம் வேறு எதிலும் வராது. பெட்டி, அலமாரி, செதுக்கு வேலைக்கு அது பொருந்தும். ஆனால் சூடான டம்ளரும் தண்ணீரும் பட்டால் வெள்ளை வட்டம் விழும், எனவே மேஜை மேல்பலகைக்கு வேண்டாம். அதற்கு எண்ணெயோ, மினுமினுப்பு இல்லாத பியு (பாலியூரித்தேன்) வார்னிஷோ போடுங்கள். தடிமனாக, பிளாஸ்டிக் உறை போட்டதுபோல மின்ன வைக்காதீர்கள்.

மழை நாளில் அரக்கு பாலிஷ் போடக் கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றின் ஈரம் படிந்து மேலே வெண்படலம் கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் இது தினம் நடக்கும். உப்புத்தாள் 120, 180, 240 என்று வரிசையாக, நார் போகும் திசையிலேயே போங்கள். கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காய விட்டால் படுத்திருந்த நார் எழும்பும். அதைத் தேய்த்துவிட்டால் பாலிஷ் சொரசொரக்காது.

பலகையில் இயற்கையான வெடிப்பு இருக்கிறது. மக்கு வைத்து மூடிவிடலாமா?

மூட வேண்டாம். இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட 1930-களின் கடைசியில் வந்தவர் ஜார்ஜ் நாகஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், கட்டடக் கலைஞர் ஆண்டனின் ரேமண்டிடம் வேலை பார்த்தவர். அந்தக் கட்டட வேலையை இங்கேயே இருந்து பார்த்துக்கொண்டார், அந்த விடுதிக்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, உலகம் அறிந்த மரவேலைக் கலைஞரானார். பலகையின் இயல்பான ஓரத்தை வெட்டாமல் விடுவதும், வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் மரச்சாவி பதித்து, வெடிப்பு தெரியும்படியே விடுவதும் அவருடைய அடையாளம்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். சாவிக்குக் கடினமான, நிறம் மாறுபட்ட மரம் எடுங்கள். பலாவில் பூவரசுச் சாவி எடுப்பாகத் தெரியும். சாவியின் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். ஆனால் மூட்டு விழும் இடத்தில் வெடிப்பு இருந்தால் எந்தச் சாவியும் உதவாது, அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டு நாற்காலியைப் பார்த்து அப்படியே செய்தால் ஒப்புக்கொள்வார்களா?

'மரபு மறுஆக்கம்' என்று தனிப் பிரிவு இருந்தால் ஒப்புக்கொள்வார்கள். டிசைன் பிரிவில் போட்டால் எடுபடாது. பார்த்துக் கற்றுக்கொள்வது வேறு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் காலத்துச் சாமான்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துப் பழஞ்சாமான் கடைகளிலும் நீளக் கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலிகள் கிடக்கும். கைப்பிடி எந்த இடத்தில் மெலிகிறது, பிரம்பு பின்னிய துளைகள் எத்தனை இடைவெளியில் ஓடுகின்றன, நூறு வருடம் தாங்கிய மூட்டு எப்படி வெட்டியிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த அறிவோடு உங்கள் நாற்காலியைச் செய்யுங்கள்.

வடிவம் என்னுடையது, செதுக்கியவர் ஒருவர், பாலிஷ் ஒருவர், பிரம்பு பின்னியது ஒரு அம்மா. யார் பெயரில் அனுப்புவது?

எல்லோர் பெயரையும் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஒரே பெயருக்குத்தான் இடம் என்றால், விளக்கக் குறிப்பில் மற்றவர்களை எழுதுங்கள். 'வடிவமும் மூட்டும் இன்னார், செதுக்கு இன்னார், பிரம்பு இன்னார்' என்று ஒரு வரி போதும்.

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கடைக்காரர் நம் பெயரை மறைத்தார் என்று வருத்தப்படும் நாமே, பட்டறையில் உட்கார்ந்து இருக்கை முழுவதும் பிரம்பு பின்னிய அம்மாவின் பெயரை மறைப்பது நியாயமில்லை. முதலாளி பெயரில் வேலையாள் செய்த பொருளைப் போட்டிக்கு அனுப்புவதும் இதே கணக்குத்தான். மரமும் கூலியும் கொடுத்தவர் பொருளுக்குச் சொந்தக்காரர், செய்தவர் ஆக மாட்டார். தனிநபர் கைத்திறன் பிரிவு என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவர் செய்ததை மட்டும் அனுப்புங்கள்.

படமும் குறிப்பும் எப்படி இருக்க வேண்டும்? எனக்கு எழுத வராதே.

காலை வெயில் ஏறும் முன், திண்ணையிலோ மாடியின் நிழலிலோ, பின்னால் வெள்ளைச் சுவரோ வேட்டியோ இருக்கும்படி எடுங்கள். முழுப்பொருள் முன்னிருந்து, பக்கத்திலிருந்து, பின்னிருந்து வேண்டும். ஒரு மூட்டின் கிட்டப்படம், அடிப்பக்கம், இழுப்பறை திறந்த நிலை ஆகியவையும் வேண்டும். ஒருவர் உட்கார்ந்த படம் ஒன்றும் இருந்தால் அளவு புரியும். செல்போனைப் பொருளின் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும். வேலை நடக்கும்போதும் எடுத்து வையுங்கள், 'நீங்களே செய்ததா?' என்ற கேள்விக்கு அதுதான் சாட்சி.

குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். யாருக்காகச் செய்தது, என்ன மரம், எங்கே கிடைத்தது, என்ன மூட்டு, என்ன பாலிஷ் என்று பேசுவதுபோல எழுதினால் போதும். ஆங்கிலம் தேவைப்பட்டால் படித்த பிள்ளை யாரையாவது மாற்றித் தரச் சொல்லலாம். 'பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் கலைப்படைப்பு' என்ற மாதிரி எழுதினால் நடுவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

கண்காட்சியில் வைத்தால் என் டிசைனை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களே?

பயம் நியாயமானதுதான். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பொருளின் வடிவத்தைப் பதிவுசெய்தால் பத்து ஆண்டு பாதுகாப்பு, பிறகு ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். முக்கியமான நிபந்தனை, பொதுவில் காட்டும் முன் விண்ணப்பிக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் யூடியூபிலும் போட்டுவிட்டுப் பதிவுக்குப் போனால் புதுமை போயிற்று என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. எல்லா முக்காலிக்கும் இது தேவையில்லை. நூற்றுக்கணக்கில் விற்கும் வடிவம் என்று தோன்றினால் செய்யுங்கள்.

பத்திரமாக அனுப்புவது எப்படி?

புது பாலிஷ் மேல் பபிள் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றாதீர்கள், குமிழ் அச்சு பதிந்துவிடும். முதலில் பழைய பருத்திப் புடவை, பிறகு அட்டை, மூலைகளுக்குத் தெர்மாகோல், வெளியே பிளைவுட் பெட்டி. இழுப்பறையைக் கட்டி வையுங்கள், கண்ணாடியைத் தனியாக அனுப்புங்கள். வெளிநாட்டுக்கு என்றால் பெட்டியின் மரச்சட்டம் 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், பிளைவுட்டுக்கு அந்த விதி இல்லை. லாரி சர்வீஸில் போடும்போது பொருளின் மதிப்பை எழுதி இன்சூரன்ஸ் எடுங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன், ஐடிஐ போகவில்லை. கலந்துகொள்ளலாமா? வீட்டிலிருந்து செய்யும் பெண்கள்?

தாராளமாக. பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கும் போட்டிகள் உண்டு. திறன் போட்டிகளுக்கு மட்டும் வயது வரம்பு கண்டிப்பாக இருக்கும், பெரும்பாலும் 22-க்குள். ஆகையால் ஆர்வமுள்ள பிள்ளைகள் பள்ளி முடிக்கும் வயதிலேயே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பரிசு வரவில்லை. இனி என்ன?

நடுவர் எழுதிய மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் கூடத்தில் இருக்கும்போதே அவரிடம் போய், 'ஐயா, மூட்டிலா பாலிஷிலா குறைந்தது?' என்று நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லுவார்கள். பரிசு பெற்ற பொருளைத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கண்காட்சி முடிந்த பின் பொருளை அங்கேயே விற்கலாம். விலை சொல்லும்போது மரத்துக்கும் பாலிஷுக்கும் ஆன செலவோடு உங்கள் வேலை நாட்களுக்கு முழுக்கூலியும் சேர்த்துச் சொல்லுங்கள். 'போட்டிக்குச் செய்தது, வந்ததற்குக் கொடுத்துவிடுகிறேன்' என்று இறக்கினால், அடுத்து வரும் ஆசாரிக்கும் அந்த விலைதான் கேட்பார்கள்.

பெயரை எங்கே பொறிப்பது?

நாற்காலி என்றால் பின்சட்டத்தின் உள்பக்கம், மேஜை என்றால் இழுப்பறையின் அடிப்பலகை. சூட்டுக்கோலால் அல்லது சின்ன உளியால் பெயர், ஊர், ஆண்டு, மரம் நான்கையும் பொறியுங்கள். பேனாவால் எழுதினால் பாலிஷ் கரைத்துவிடும், ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும். செய்தவர் யாரென்று தெரியாமல் மதிப்பிடும் போட்டி என்றால், தீர்ப்பு சொல்லும்வரை அந்த இடத்தில் காகித டேப் ஒட்டி மறையுங்கள். பாலிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும்.